ரசிகமணி வாசித்த கம்பர்

தம்மை உருவாக்கிய நூல்கள் எவை என்று வினவினால், நம் ஆயர்களில் பெரும்பாலோர் முதற்கண் திருமறையைக் குறிப்பிடுவர். அதன்பின் பனியனின் நூலையோ, அகுஸ்தீனின் தன்வரலாற்றையோ, தாம் பயின்ற நாளில் ஆசிரியர் பரிந்துரைத்த இறையியல் நூலொன்றையோ சேர்த்துக் கூறுவர். இவ்விடை பொய்யன்று. ஆயினும், ஒரு நூல் ஒருவரை உருவாக்கிற்று என்று சொல்லும்பொழுது நாம் கருதுவது யாது, அந்நிகழ்ச்சி எவ்வாறு நடைபெறுகிறது, அதில் வாசகர் செய்யும் பங்கு எத்தகையது என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிதாகவே உள்ளது. இவற்றை ஆராய்தற்குத் தக்கதொரு சான்று, நம் திருச்சபையின் எல்லைக்கு வெளியே, ஆனால் நம் நெல்லைச் சீமைக்கு உள்ளேயே இருக்கிறது. கம்பராமாயணம் என்னும் ஒரு நூலைத் தம் வாழ்வின் நடுவில் வைத்து, அதனைக் கொண்டே மொழியையும் கலையையும் மனிதரையும் அளந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். அவரது வாசிப்பில் நாம் கற்க வேண்டியவையும் உள. அஞ்ச வேண்டியதும் ஒன்று உளது.

1882-ஆம் ஆண்டில் பிறந்த டி.கே.சி. சட்டம் பயின்றவர். சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகவும், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகவும் பணியாற்றியவர். எனினும் அவரது பெயர் நிலைத்தது வழக்குமன்றத்தால் அன்று. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவரது இல்லத்து முற்றத்தில் நண்பர் கூடித் தமிழ்ப் பாடல்களைச் சுவைத்த அவையே அவரை நாடறியச் செய்தது. வட்டத்தொட்டி என்பது அதற்கு வழங்கிய பெயர். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். அவரது இல்லம் அங்கேயும் அத்தகைய அவையாயிற்று. ராஜாஜி, கல்கி முதலானோர் சாரல் காலத்தில் அவரைத் தேடி வந்தனர். பாஸ்கரத் தொண்டைமானும், பின்னாளில் நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜனும் அவரிடம் பயின்று, அவரது சுவையைத் தம் எழுத்தில் தொடர்ந்தனர். மகராஜன் கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலைச் சாகித்திய அக்காதெமி 1972-இல் வெளியிட்டது. 1954-இல் குற்றாலத்திலேயே டி.கே.சி. மறைந்தார்.

அவர் குடியேறிய மண்ணும் நூல் வளம் மிக்கதே. தென்காசியிலிருந்து ஆண்ட பிற்காலப் பாண்டியருள் அதிவீரராமர் நளன் கதையை நைடதமாகப் பாடினார். அவரது வெற்றிவேற்கை திண்ணைப் பள்ளிச் சிறுவர் பல தலைமுறையாக மனப்பாடம் செய்த நூல். தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை அறியாத தமிழ் மாணவர் இலர். (அவ்வகை இலக்கியத்தையே நம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார் என்பதை நம் மாணவர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.) 1927-இல் தென்காசியில் தோன்றிய திருவள்ளுவர் கழகமும், ஒரு நூலைச் சுற்றி மக்கள் கூடும் வழக்கத்திற்கு இப்பகுதியில் இருந்த வேரைக் காட்டுகிறது.

டி.கே.சி. கம்பரை எவ்வாறு வாசித்தார்? அவரோடு பழகியோர் எழுதிவைத்தவற்றிலிருந்தும், அவருடைய 'இதய ஒலி' கட்டுரைகளிலிருந்தும், நண்பர்க்கு எழுதிய எண்ணிறந்த கடிதங்களிலிருந்தும் இதனை அறியலாம். அவர் வாய்விட்டு வாசித்தார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எவ்விடத்தில் குரல் தாழ வேண்டும், எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்று ஆராய்ந்தார். அவசரம் என்பதே இல்லை. ஒரு பாடலைக் கடந்து அடுத்த பாடலுக்குச் செல்ல ஒரு மாலைப்பொழுது ஆயினும் கேட்போர் சலிப்படைந்ததில்லை. பாடலின் கருத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பாட்டுக்கு உருவம் உண்டு, அவ்வுருவத்தினின்று பிரித்தால் உணர்ச்சி இல்லை என்பது அவர் கொள்கை. பதவுரை, இலக்கணக் குறிப்பு, மேற்கோள் ஆகியவற்றை அடுக்கிப் பாடலை மூடிவிடும் புலமையை அவர் இடைவிடாது கண்டித்தார். தம் அவையில் கற்றவரையும் கல்லாதவரையும் ஒருங்கே அமர்த்தினார். நாட்டுப்புறத்தார் பேச்சில் இருந்த சந்தத்தையும் சொல்லாட்சியையும் கம்பருக்கு உரை காண்பதற்குப் பயன்படுத்தினார்.

இவ்வாறு வாசித்த வாசிப்பு அவருடைய பார்வை முழுவதையும் மாற்றிற்று. தமிழில் எதனையும் சொல்லலாம், தமிழில் பாடினால்தான் தமிழர் உள்ளம் அசையும் என்னும் துணிபை அவர் கம்பரிடமிருந்தே பெற்றார் எனலாம். 1940-களில் தமிழிசை இயக்கத்தில் அவர் உறுதியாக நின்றமைக்கு இத்துணிபே காரணம். ஆங்கிலம் கற்றோர் தமிழில் கடிதம் எழுதவும் கூசிய காலத்தில், அவர் எழுதிய கடிதங்கள் பேச்சின் இனிமையோடு அமைந்தன. 1943-இல் கம்பராமாயணத்தைத் தீயிடலாமா என்று அறிஞர் அண்ணாவும் ரா. பி. சேதுப்பிள்ளையும் சொற்போர் நிகழ்த்திய சூழலை இங்கே நினைக்க வேண்டும். ஒரு சாரார் அந்நூலை ஆரியத்தின் கருவி என்றனர். மற்றொரு சாரார் பக்தி நூல் என்று காத்தனர். டி.கே.சி.யோ அதனை முதற்கண் கவிதையாக வாசித்தார். கங்கைக் கரையில் வேடர் தலைவன் ஒருவன் அரச குமாரனைக் கண்டு உருகும் இடத்தில், அவர் கண்டது வருணமும் அன்று, வழிபாடும் அன்று; மனித உறவின் ஒரு நிலை. வேற்றுச் சமயத்தவராகிய நம்மால் கம்பரை நெருங்க முடிகிறதென்றால், அவ்வழியைத் திறந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நன்றியோடு கூற வேண்டும்.

சமயச் சான்று உரைப்போர் பெரும்பாலும் மின்னல் போன்ற வாசிப்பையே விரும்பிக் கூறுவர். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் உரோமையர் நிருபத்தின் ஒரு பகுதியை வாசித்த அளவில் உள்ளம் மாறினார். 1738-இல் வெஸ்லி, அதே நிருபத்திற்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டுத் தம் இதயம் வெதும்பியதை உணர்ந்தார். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அகுஸ்தீன் அத்தோட்டத்திற்கு முன்னும் பல்லாண்டு வாசித்தவர். வெஸ்லி நாடோறும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கையில் வைத்திருந்தவர். நூல் ஒருவரை உருவாக்குவது பெரும்பாலும் குற்றாலத்துச் சாரலைப் போன்றது. குடை பிடிக்கும் அளவிற்கு மழை இல்லை என்று நடந்து சென்றவன், வீடு சேர்கையில் நனைந்திருப்பான். டி.கே.சி.யின் வாழ்வில் கம்பர் நுழைந்தது இவ்வகையிலேயே.

நம் இறையியற் கல்லூரிகளின் நிலை என்ன? மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் மாணவர் திருமறையைப் பற்றி எத்தனையோ நூல்களைக் கற்கின்றனர். ஐந்நூல்களின் மூலச் சான்றுகள், ஒத்தமை நற்செய்திகளின் சிக்கல், பவுலின் நிருபங்களில் எவை அவர் கையால் எழுந்தன என்னும் ஆராய்ச்சி ஆகிய அனைத்தும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் ஏசாயா நூலின் ஓர் அதிகாரத்தை, சபையார் காது கொடுத்துக் கேட்கும்படி, வாய்விட்டு வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கப்படும் முறையைக் கவனித்தாலே போதும். சொற்களைக் கடந்து ஓடி, பெயர்களில் தடுமாறி, முற்றுப்புள்ளியை விழுங்கி, அருளுரைக்கு வழிவிடும் ஒரு சடங்காக அது நிகழ்கிறது. 1871-இல் வெளிவந்த பவரின் மொழிபெயர்ப்பு, குறைகள் எவையாயினும், வாய்க்கு ஏற்ற சந்தம் உடையது. அச்சந்தத்தைக் கேட்டறியாத போதகர் அதனை வைத்தும் வாசிக்கிறார், புதிய மொழிபெயர்ப்பை வைத்தும் வாசிக்கிறார். இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. வட்டத்தொட்டியில் ஓர் அடிக்குக் கிடைத்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கேனும் நம் வாசிப்பு மேடையில் ஒரு வசனத்திற்குக் கிடைக்குமாயின் நலம்.

இதுகாறும் கூறியது பாராட்டு. இனிக் குறை.

கம்பராமாயணமாக வழங்கும் நூலில் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்கள் உள. அவற்றுள் பிறர் பாடிச் சேர்த்தவை பல உண்டு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தவை என்னும் பொருளில் 'வெள்ளிப் பாடல்' என்றே ஒரு பெயர் வழங்கிற்று. ஆகவே களை எடுக்க வேண்டும் என்று டி.கே.சி. எண்ணியது தவறன்று. அவர் எடுத்த முறையே வினாவிற்குரியது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, எந்தப் பாடல் எந்தச் சுவடியில் இல்லை என்று அவர் கணக்கிடவில்லை. தம் செவியையும் இதயத்தையும் துலாக்கோலாகக் கொண்டார். உருவம் அமையாத பாடல், உணர்ச்சி இல்லாத பாடல், உவமை மிகுந்து கனத்த பாடல் ஆகியவற்றை 'இது கம்பர் வாக்கன்று' என்று ஒதுக்கினார். இவ்வாறு பல்லாயிரம் பாடல்கள் நீங்கின. எஞ்சியவற்றிலும் சிற்சில இடங்களில் சொல்லையும் தொடரையும் தமக்குச் சரியெனப்பட்டவாறு அமைத்தார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் வெளியிட்ட பதிப்பு இதன் விளைவே. முத்தொள்ளாயிரத்திலும் அவர் இம்முறையைக் கையாண்டார் என்று குறை கூறுவோர் உளர்.

இதிலுள்ள பிழை வாதத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. கம்பர் பெருங்கவிஞர், இப்பாடல் பெருங்கவிதை அன்று, ஆகவே இது கம்பருடையது அன்று என்பது அவ்வாதம். பெருங்கவிஞர் சோர்ந்த பொழுது பாடியிருக்கலாகாதா? தம் காலத்தார் விரும்பிய அலங்காரத்தை அவரும் விரும்பியிருக்கலாகாதா? 12-ஆம் நூற்றாண்டின் செவியும் 20-ஆம் நூற்றாண்டின் செவியும் ஒன்றென யார் உறுதி கூறுவார்? அவ்வாதத்தின்படி, கம்பர் ஒருபோதும் டி.கே.சி.க்கு மாறாகப் பேச இயலாது. மாறாகப் பேசும் இடமெல்லாம் வேறொருவர் வாக்காகிவிடும். தம்மை உருவாக்கிய நூலை, இறுதியில் தாமே உருவாக்கத் தொடங்கிவிட்டார் ரசிகமணி. அன்பின் மிகுதியால் நிகழ்ந்தது இது. அதனாலேயே பிறர் செய்யும் திருத்தத்தினும் இதனைக் கண்டுகொள்வது கடினம்.

இவருக்கு நேர்மாறான வாசகர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டு, சீவக சிந்தாமணியைப் பற்றி அவர் கேட்ட வினாவால் ஐயரின் வாழ்க்கை திசை மாறியது. சிந்தாமணியோ சமண நூல். ஐயரோ சைவ மரபில் ஊறியவர். அந்நூலில் தமக்குப் புரியாதவற்றைப் பிழை என்று தள்ளாமல், ஊரிலிருந்த சமணரிடம் சென்று கேட்டறிந்தார், சுவடி தேடி அலைந்தார், 1887-இல் பதிப்பித்தார். தம் உள்ளத்துக்கு அயலான நூலின் முன் ஒரு வாசகர் மாணவராக நின்ற காட்சி அது. ஐயரிடம் டி.கே.சி.யின் இசையும் எழுச்சியும் இல்லை என்று சிலர் கூறலாம். உண்மையே. எனினும், ஐயர் பதிப்பித்த சிந்தாமணியில் நமக்குக் கிடைப்பது திருத்தக்கதேவர், டி.கே.சி. பதிப்பித்த ராமாயணத்தில் கிடைப்பது டி.கே.சி. விரும்பிய கம்பர்.

இது தமிழறிஞர் வழக்கு, நமக்கென்ன என்று கருதற்க. திருமறைப் பாட ஆராய்ச்சி வகுப்பில் நாம் பயிலும் வினாவும் இதுவே. ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் நாட்டில் போதகராகவும் ஆசிரியராகவும் விளங்கிய பெங்கல், பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர். மாணவப் பருவத்திலேயே, கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளுக்கு இடையே காணப்பட்ட எண்ணற்ற பாட வேறுபாடுகள் அவரது உள்ளத்தைக் கலக்கின. தம் பக்தி உணர்வைக் கொண்டு அவற்றைத் தீர்த்துவிட அவர் முயலவில்லை. பிரதிகளைத் தொகுத்து ஒப்பிட்டார். 1734-இல் தம் பதிப்பை வெளியிட்டார். எளிதாக ஒலிக்கும் பாடத்தினும் கடினமான பாடமே மூலமாக இருத்தல் கூடும் என்ற அவரது விதியை இன்றும் கற்பிக்கிறோம். படியெடுப்போன் கடினமானதை எளிதாக்குவானேயன்றி, எளிதானதைக் கடினமாக்கான் என்பது அதன் அடிப்படை. டி.கே.சி.யின் செவி விரும்பிய செப்பமும் தெளிவும், பெங்கலின் விதிப்படி, சில வேளைகளில் ஐயத்திற்கே இடமாகும்.

இவ்வாறு கூறியதனால் இதயத்தின் சான்று வெறுமையானது என்று நாம் முடிவு கட்டவில்லை. யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய பகுதியை எண்ணுக. சீனாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி முதலிய மிகப் பழைய பிரதிகளில் அது இல்லை. வேறு சில பிரதிகளில் இடம் மாறிக் காணப்படுகிறது. சுவடிச் சான்று ஒன்றையே கொள்வதாயின் அதனை நீக்க வேண்டும். திருச்சபை நீக்கவில்லை. அதில் ஒலிக்கும் குரல் யாருடையது என்று அது அறிந்திருந்தது. இன்றைய பதிப்பாளர் அப்பகுதியை அடைப்புக்குறிக்குள் இட்டு அச்சிடுகின்றனர்; செவி கேட்டதும் காக்கப்படுகிறது, கண் கண்டதும் மறைக்கப்படவில்லை. கம்பராமாயணத்தின் பிற்காலப் பதிப்புகளில் ஐயத்திற்கிடமான பாடல்களை மிகைப் பாடல்கள் என்று தனியே தரும் வழக்கமும் இத்தகைய நேர்மையைச் சார்ந்ததே. டி.கே.சி. தமக்குப் பிடித்தவற்றை முன்னே வைத்து, ஏனையவற்றை இவ்வாறு பின்னே வைத்திருப்பாராயின், அவரோடு நமக்கு வழக்கில்லை.

ஒரு மாணவர் இங்கே வினா எழுப்பக்கூடும்: நாசரேத்தூர் செபக்கூடத்தில் ஏசாயாவின் ஏட்டை வாசித்த நம் ஆண்டவர், பழிவாங்கும் நாளைப் பற்றிய தொடர் வருமுன் நிறுத்திவிட்டாரன்றோ? அதுவும் தெரிந்தெடுத்த வாசிப்பன்றோ? நல்ல வினா. அவர் நிறுத்தினார், ஏட்டைச் சுருட்டிப் பணியாளரிடம் முழுமையாகத் திருப்பிக் கொடுத்தார். எரேமியாவின் ஏட்டைக் கேட்ட யோயாக்கீம் அரசனோ, வாசித்த பத்திகளைக் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டான். வாசிப்போர் எங்கே நிறுத்துவது என்பதற்கு உரிமை உண்டு. அடுத்து வருவோர்க்கு ஏடு எஞ்சியிருக்க வேண்டும்.

கம்பரை வாசித்து உருவான மற்றொருவர் நம்மவர். 1827-இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். புதிய விசுவாசம் வந்தபின் பழைய நூல் என்னாயிற்று? அவர் அதனை எறியவுமில்லை, தம் விசுவாசத்திற்கு ஏற்பக் கத்தரிக்கவுமில்லை. 1678-இல் வெளிவந்த பனியனின் மோட்சப் பயணத்தை எடுத்து, கம்பர் கற்பித்த விருத்தத்தில், 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களாக, 1894-இல் இரட்சணிய யாத்திரிகமாக நிறைவேற்றினார். பெட்ஃபோர்டு சிறையில் இருந்த பாத்திரம் செய்வோனின் எளிய உரைநடையும், சோழ நாட்டுப் பெருங்கவியின் நடையும் அந்நூலில் எப்போதும் இசைந்து செல்வதில்லை. பனியனின் விரைவு சில படலங்களில் வருணனைக்குள் சிக்கி நின்றுவிடுகிறது. இதனை நூலின் குறையாகக் கூறுவோர் உண்டு. நாமும் ஓரளவு ஒப்புகிறோம். ஆயினும் அவ்விசைவின்மையிலேயே, இரு நூல்களுக்கும் உண்மையாக இருக்க முயன்ற ஒரு வாசகரின் உள்ளத்தைக் காண்கிறோம். சிலுவைப்பாட்டைப் பாடுமிடத்தில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் தன் உயரத்தை எட்டுகிறது. இந்நூலை வாய்விட்டு வாசிக்கும் ஓர் அவை நம் திருமண்டலங்கள் எதிலேனும் உண்டா என்று தெரியவில்லை. கம்பருக்குக் காரைக்குடியில் 1939 முதல் ஒரு கழகம் உண்டு.

டி.கே.சி.யைக் குறை கூறும் நாம் நம் கையிலுள்ள கத்தரிக்கோலையும் நோக்க வேண்டும். ஆண்டுப் பிறப்பு ஆராதனையில் நம் சபைகள் பலவற்றில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்க. எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் அதில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவது. நல்வாழ்வையும் நல்ல முடிவையும் பற்றிய அவ்வசனத்திற்கு முந்திய வசனத்தில், பாபிலோனில் 70 ஆண்டு நிறைவேற வேண்டும் என்ற செய்தி இருக்கிறது. அதனைக் கேட்டவருள் முதியோர் எவரும் திரும்பி வரப்போவதில்லை. சிறையிருப்பின் நாட்டிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள் என்பதே அவர்களுக்கு வந்த கட்டளை. அட்டையில் இதற்கு இடமில்லை. அழகிய படத்தின்மேல் ஒரு வசனம் மட்டும் நிற்கிறது. டி.கே.சி.யேனும் தாம் நீக்குவதை வெளிப்படையாக அறிவித்து, காரணமும் கூறி, அறிஞர் கண்டனத்தையும் ஏற்றுக்கொண்டார். நாம் நீக்குவதை யாரும் அறிவதில்லை, நாமும் அறிவதில்லை. நியாயாதிபதிகள் நூலின் 19-ஆம் அதிகாரத்தை வைத்து அருளுரை கேட்டவர் நம்மில் யார்? 137-ஆம் சங்கீதத்தைப் பாடும்பொழுது இறுதி வசனங்களுக்கு முன் நிறுத்திவிடுகிறோம். உரோமைத் திருச்சபை 1971-இல் தன் திருப்புகழ்மாலையைச் சீர்திருத்தியபொழுது 58, 83, 109-ஆம் சங்கீதங்களை விட்டுவிட்டது. அதனை வெளிப்படையாகச் செய்தது.

டி.கே.சி.யிடம் வாசிக்கக் கற்கலாமா என்று நம்மைக் கேட்கும் மாணவர்க்கு, கற்க வேண்டும் என்றே கூறுவோம். 'கம்பர் தரும் ராமாயண'த்தை ஒருபுறமும், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பையோ மர்ரே ராஜம் பதிப்பையோ மறுபுறமும் வைத்துக்கொள்க. அயோத்தியா காண்டத்தில் தொடங்குவது நல்லது. முதலில் ரசிகமணி கொடுக்கும் பாடலை அவர் சொல்லும் வண்ணம் வாய்விட்டு, ஒன்றுக்கு மூன்று முறை வாசிக்க. பின்பு மறு பதிப்பைத் திறந்து, அப்பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே அவர் தாண்டிச் சென்றவற்றையும் அதே குரலில், அதே பொறுமையோடு வாசித்துப் பார்க்க. ஒரு படலத்தை இவ்வாறு முடிக்க ஒரு மாதம் ஆகலாம்.